நாய்க்கு மூட்டு வலி: ஸ்டீராய்டு ஊசியா, மெலாக்சிகாமா, வேறு வழியா?

எட்டு வயது லாப்ரடார் காலையில் எழுந்திருக்கவே யோசிக்கிறது. முன்னங்காலை ஊன்றி இரண்டு முறை முயற்சி செய்துவிட்டு மூன்றாவது முறைதான் பின்பக்கத்தைத் தூக்குகிறது, பத்தடி நடந்ததும் ஒன்றுமே நடக்காதது போல வாலை ஆட்டுகிறது. டாக்டரிடம் கூட்டிப்போனால் ஒருவர் ஒரு ஊசி போடுகிறார், சாயங்காலமே நாய் பந்தைத் தூக்கிக்கொண்டு வந்து நிற்கிறது. இன்னொருவர் அந்த ஊசியே வேண்டாம் என்கிறார், ரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே என்று எழுதித் தருகிறார், செலவு ஏறுகிறது, வீட்டுக்கு வந்தால் நாய் அப்படியேதான் இருக்கிறது. வீட்டில் உடனே பஞ்சாயத்து: முதல் டாக்டர்தான் கைராசிக்காரர், எதற்கு இவரிடம் போனோம்?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வயதான, எடை போட்ட நாயின் தேய்மான மூட்டு வலிக்கு ஸ்டீராய்டு முதல் மருந்து இல்லை, இரண்டாவது மருந்தும் இல்லை. ஆனால் மூட்டு வலியிலேயே ஒரு வகைக்கு ஸ்டீராய்டுதான் மருந்து, அங்கே "ஐயோ ஸ்டீராய்டா" என்று பயந்து நிறுத்திவிட்டால் நாய் படுத்துவிடும். அதனால் எந்த மருந்து நல்லது என்று கேட்பதற்கு முன்னால் எந்த வலி என்று கேட்க வேண்டும், அந்தக் கேள்விக்குப் பதில் வாங்காமல் கையில் ஊசியோடு வருபவரைக் கொஞ்சம் நிறுத்தி வைப்பதில் தப்பே இல்லை.

நான் டாக்டர் இல்லை, பல வருடமாகப் பெரிய சாதி நாய்களை அவற்றின் கடைசிக் காலம் வரை வைத்துப் பார்த்தவன். கீழே வரும் அளவுகள் டாக்டர் எழுதித் தந்த சீட்டைப் புரிந்துகொள்வதற்குத்தான், சீட்டே இல்லாமல் மெடிக்கலில் போய் வாங்குவதற்கு இல்லை.

எந்த வலி?

பெரும்பாலும் வருவது தேய்மானம், ஆஸ்டியோஆர்த்ரைட்டிஸ். லாப்ரடார், ஜெர்மன் ஷெப்பர்ட், கோல்டன் ரெட்ரீவர், ராட்வைலர் போன்ற நாய்களில் இது பல நேரம் குட்டிப் பருவத்திலேயே ஆரம்பித்துவிடுகிறது. தொடை எலும்பின் உருண்டை இடுப்பின் குழியில் சரியாக உட்காராமல் வளர்கிறது, ஹிப் டிஸ்பிளேசியா என்பார்கள், அந்தத் தளர்வில் குருத்தெலும்பு வருடக்கணக்கில் உரசி உரசித் தேய்கிறது. பொமரேனியன், பக் மாதிரி சின்ன நாய்களில் முழங்கால் சில்லு விலகி அதே கதை. அடையாளம் சுலபம்: தூங்கி எழுந்தால் விறைப்பு, கொஞ்சம் நடந்தால் இளகும், ஞாயிற்றுக்கிழமை பீச்சில் ஆட்டம் போட்டால் திங்கட்கிழமை மோசம். காய்ச்சல் இருக்காது, சாப்பாட்டில் குறை இருக்காது.

இரண்டாவது, நம் ஊரில் அதிகம் பார்ப்பது, உண்ணிக் காய்ச்சல். பழுப்பு உண்ணி கடித்து எர்லிக்கியா கிருமி உள்ளே போனால் காய்ச்சல், சோர்வு, பிளேட்லெட் இறக்கம் எல்லாவற்றோடும் மூட்டு வலியும் வரும், இன்றைக்கு இந்தக் கால் நாளைக்கு அந்தக் கால் என்று மாறி மாறி நொண்டும். இதற்கு மருந்து டாக்ஸிசைக்ளின், வழக்கமாக 28 நாள். சென்னையிலோ மதுரையிலோ ஒரு நாய் திடீரென்று நொண்டிக்கொண்டு சாப்பிடாமல் படுத்தால், எக்ஸ்ரேக்கு முன்னாலேயே ரத்தம் எடுத்துப் பார்க்கிற டாக்டர் நல்ல டாக்டர்.

மூன்றாவது, உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சொந்த மூட்டுகளைத் தாக்குவது. பெரும்பாலும் மணிக்கட்டும் கணுக்காலும், இரண்டு பக்கமும் சேர்ந்து வலிக்கும், நாய் முட்டை ஓட்டின் மேல் நடப்பது போல நடக்கும், காய்ச்சல் வந்து வந்து போகும். வயதான நாய்தான் என்று இல்லை, நான்கு ஐந்து வயது நாய்க்கும் வரும். மூட்டிலிருந்து ஊசியால் கொஞ்சம் நீர் எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்துத்தான் உறுதி செய்வார்கள். ஸ்டீராய்டு தேவைப்படுவது இதற்குத்தான்.

இவை போக, முழங்கால் தசைநார் அறுந்தது, டாஷ்ஹண்டுக்கு முதுகெலும்பு வட்டு பிதுங்கியது, மூட்டில் சீழ் பிடித்தது, பெரிய நாய்களில் எலும்புப் புற்று என்று இன்னும் சில. எல்லாமே வெளியில் இருந்து பார்த்தால் "கால் நொண்டுது டாக்டர்" தான்.

சிக்கல் எங்கே என்றால், ஸ்டீராய்டு ஊசி போட்டால் இவற்றில் முக்கால்வாசி இரண்டு நாளைக்கு நன்றாக ஆனது போலத் தெரியும். தசைநார் அறுந்த நாய் வலி தெரியாமல் ஓடி முழங்காலுக்குள் மெத்தை போல இருக்கும் குருத்தெலும்பையும் கிழித்துக்கொள்ளும். சீழ் பிடித்த மூட்டில் கிருமிக்குக் கதவைத் திறந்துவிட்டதாகும். எதிர்ப்புச் சக்தி நோயாக இருந்தால், பிறகு மூட்டு நீரை எடுத்துப் பார்த்தாலும் அதில் தெரிய வேண்டியது தெரியாது. ஊசி வலியை மட்டும் மறைப்பதில்லை, நோயின் பெயரையும் மறைக்கிறது.

ஸ்டீராய்டு என்ன செய்கிறது

பிரெட்னிசோலோன் மாத்திரை, டெக்ஸாமெத்தசோன் ஊசி, இரண்டும்தான் நம் பக்கம் அதிகம். வைசோலோன், ஓம்னகார்ட்டில், டெக்ஸோனா என்ற பெயரை உங்கள் சீட்டில் பார்த்திருப்பீர்கள், மனிதர்களுக்கு விற்கும் அதே அட்டைதான். வீக்கத்தை உண்டாக்கும் வேதிப்பொருட்களின் சங்கிலியை அது வேரிலேயே அடைக்கிறது, அதனால்தான் அவ்வளவு வேகம், அவ்வளவு பலம். மெலாக்சிகாம் மாதிரி ஸ்டீராய்டு இல்லாத வலி மருந்துகள் அதே சங்கிலியில் ஒரு படி கீழே ஒரு கிளையை மட்டும் அடைக்கின்றன. டெக்ஸாமெத்தசோன் எடைக்கு எடை பார்த்தால் பிரெட்னிசோலோனைவிட சுமார் ஏழு மடங்கு வலுவானது, ஒரு ஊசியின் வேலை ஒன்றரை நாளிலிருந்து மூன்று நாள் வரை நிற்கும். விலையும் மலிவு, மூட்டுக்கென்று விற்கும் வேறு எதையும்விட மலிவு. வேகம், பலம், மலிவு, மூன்றும் சேர்ந்து வந்தால் யாருக்குத்தான் ஆசை வராது.

சரி, அப்புறம் என்ன ஆகிறது? எங்கள் தெருவில் ஒரு ஸ்பிட்ஸ் இருந்தது, வாரத்துக்கு ஒரு தடவை ஊசி, நடுவில் மாத்திரை என்று சில மாதம் ஓடியது. முதலில் தண்ணீர்ச் சட்டி காலியாக ஆரம்பித்தது. நிரப்பி வைத்துவிட்டு உள்ளே போய்த் திரும்பினால் அடித் தகரத்தை நக்கிக்கொண்டிருக்கும். வருடக்கணக்கில் வீட்டுக்குள் ஒரு சொட்டு விடாத நாய் ராத்திரி ஹாலிலேயே போய்விட்டு, காலையில் அந்த அம்மாவைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்காரும். பசி என்றால் பசி, மேஜை மேல் ஆறிக்கொண்டிருந்த இட்லியைத் தட்டோடு இழுத்துப் போட்டது. உட்கார்ந்த இடத்தில் மூச்சிரைக்கும். அப்புறம் வயிறு தொங்கியது, முதுகில் எலும்பு தெரிந்தது, விலாவில் முடி கொட்டி உள்ளே தோல் காகிதம் போல மெல்லிசாகி நரம்பு தெரிந்தது. வீட்டில் "நல்லா சாப்பிடுறான், தொப்பை போட்டுட்டான்" என்று சந்தோஷப்பட்டார்கள். அது கொழுப்பு மட்டும் இல்லை: கல்லீரல் வீங்கி, வயிற்றுத் தசை இளைத்து வந்த தொப்பை. குஷிங் நோய் என்பார்கள், இது மருந்தால் வரவழைத்த குஷிங்.

பக்க விளைவு எந்த மருந்துக்குத்தான் இல்லை என்று நீங்கள் கேட்கலாம். சர்க்கரை நோய், சிறுநீர்த் தொற்று, வயிற்றுப் புண் எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். தேய்மான நாய்க்கு இந்த மருந்து பொருந்தாததற்கு இன்னும் நேரான இரண்டு காரணம் உண்டு. ஒன்று, பசியைக் கிளப்பி எடையை ஏற்றுகிறது, அந்த எடை போய் உட்காருவது அதே தேய்ந்த மூட்டில். இரண்டு, தசையைக் கரைக்கிறது. தளர்ந்த இடுப்பு மூட்டைப் பிடித்துக்கொண்டிருப்பதே தொடையிலும் பிட்டத்திலும் இருக்கும் தசைதான், அதைக் கரைத்துவிட்டு மூட்டுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்றால் என்ன அர்த்தம்? மாதக்கணக்கில் போனால் குருத்தெலும்புக்கும் கேடுதான்.

இன்னொன்று, இதுதான் ஆபத்தில் பெரியது. வாரக்கணக்கில் கொடுத்த பிறகு சட்டென்று நிறுத்தக் கூடாது. வெளியிலிருந்து வந்துகொண்டே இருப்பதால் நாயின் அட்ரினல் சுரப்பி, உடம்புக்குத் தேவையான ஸ்டீராய்டைத் தானே சுரக்கும் வேலையை நிறுத்தியிருக்கும், திடீரென்று மாத்திரையும் போய்விட்டால் வாந்தி, பேதி, மயக்கம், சில நேரம் உயிருக்கே ஆபத்து. "ஊருக்குப் போயிருந்தோம், மாத்திரை தீர்ந்துபோச்சு" என்பது இந்த மருந்தில் சாதாரண விஷயம் இல்லை.

ஸ்டீராய்டு சரியாக இருக்கும் இடங்கள்

எதிர்ப்புச் சக்தி மூட்டு நோயில் பிரெட்னிசோலோன் கிலோவுக்கு 1 முதல் 2 மில்லிகிராம் வரை தினமும் ஆரம்பித்து, நாய் தேறியதும் சில வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, மாதக்கணக்கில் இறக்கிக்கொண்டு வருவார்கள். குறைக்கும்போது நோய் திரும்பினால் லெஃப்ளூனமைட், சைக்ளோஸ்போரின் மாதிரி வேறு மருந்து சேர்ப்பார்கள். இங்கேயும் தண்ணீர்ச் சட்டி காலியாகும், ஹால் நனையும், அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும், ஏனென்றால் இந்த நோயில் மெலாக்சிகாம் கொடுப்பது வலியைத் தொட்டுப்பார்ப்பதோடு சரி. படுக்கையை விட்டு எழாத நாய் ஓரிரு நாளில் எழுந்து நடப்பதைப் பார்த்தால் ஸ்டீராய்டின் மேல் இருக்கும் வெறுப்பு கொஞ்சம் குறையும்.

இன்னொரு இடம், ஒரே ஒரு மூட்டு மட்டும் ரொம்பப் படுத்துகிறது, மற்ற மருந்துக்குக் கேட்கவில்லை என்னும்போது மூட்டுக்குள்ளேயே டிரையம்சினலோன் போன்ற ஸ்டீராய்டைச் செலுத்துவது. உடம்பு முழுவதும் பரவுவது குறைவு, பலன் சில வாரத்திலிருந்து சில மாதம் வரை. ஆனால் நாயை மயக்கி, முடி மழித்து, சுத்தமாகச் செய்ய வேண்டிய வேலை, மூட்டில் கிருமி இல்லை என்பது உறுதியாகத் தெரிய வேண்டும், பந்தயக் குதிரைகளுக்குச் செய்வதைப் போல அடிக்கடி செய்துகொண்டிருக்கக் கூடாது. நான் இதற்கு விரோதி இல்லை, கைதேர்ந்தவர் கிடைத்தால் யோசிக்கலாம்.

மெலாக்சிகாம், கார்ப்ரோஃபென்

தேய்மானத்துக்கு உலகம் முழுக்க முதல் மருந்து இந்தக் குடும்பம்தான். மெலாக்சிகாம் முதல் நாள் கிலோவுக்கு 0.2 மில்லிகிராம், அடுத்த நாளிலிருந்து 0.1. கார்ப்ரோஃபென் ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம், ஒரே வேளையாகவோ இரண்டாகப் பிரித்தோ. ஃபிரோகாக்சிப், ரோபெனகாக்சிப் என்று இன்னும் உண்டு. மெலாக்சிகாமையும் கார்ப்ரோஃபெனையும் சாப்பாட்டோடு கொடுங்கள்.

இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். 30 கிலோ லாப்ரடாருக்கு 0.1 வீதம் 3 மில்லிகிராம். மெடிக்கலில் மனிதர்களுக்குக் கிடைக்கும் மெலாக்சிகாம் மாத்திரை 7.5 அல்லது 15. சின்ன மாத்திரையே இரண்டரை மடங்கு. 5 கிலோ பொமரேனியனுக்குத் தேவை அரை மில்லிகிராம், அதே மாத்திரை பதினைந்து மடங்கு. "பாதியாக உடைத்துக் கொடுத்தேன்" என்று சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டிருக்க மாட்டார்கள். நாய்களுக்கென்று சொட்டு மருந்தாகவும் சின்ன அளவு மாத்திரையாகவும் கிடைக்கிறது, அதையே வாங்குங்கள். வீட்டு மருந்துப் பெட்டியில் இருக்கும் இபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன் பக்கமே போகாதீர்கள், நாயின் வயிறும் சிறுநீரகமும் அவற்றைத் தாங்காது. பாராசிட்டமாலை டாக்டர் சொல்லாமல் தொட வேண்டாம், வீட்டில் பூனையும் இருந்தால் அது ஒரே மாத்திரையில் செத்துப்போகும்.

டைக்ளோஃபெனாக் பெயரை எடுத்ததால் ஒரு கிளைக்கதை. மாடுகளுக்கு அந்த வலி ஊசி போட்டு, செத்த மாட்டைத் தின்ற பாறுக் கழுகுகள் கூட்டம் கூட்டமாக அழிந்ததும், 2006ல் கால்நடைக்கு அதைத் தடை செய்ததும் தெரிந்த விஷயம். 2023ல் கீட்டோப்ரோஃபென், அசெக்ளோஃபெனாக் இரண்டையும் கால்நடைக்குத் தடுத்தார்கள். கழுகுக்குக் கெடுதல் இல்லை என்று பரிசோதித்து மாற்றாகச் சொன்னது மெலாக்சிகாமைத்தான். முதுமலை, மாயாறு பக்கம் மிஞ்சியிருக்கிற கழுகுகளுக்கும் நம் வீட்டு நாய்க்கும் ஒரே மருந்து ஒத்துப்போவதில் எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

இதிலும் ஆபத்து உண்டு, இல்லாமல் இல்லை. வயிற்றுப் புண், சிறுநீரகம், அபூர்வமாகக் கல்லீரல். அதனால்தான் ஆரம்பிக்கும் முன்னால் ரத்தத்தில் சிறுநீரகத்துக்குக் கிரியாட்டினின், கல்லீரலுக்கு எஸ்ஜிபிடி பார்க்கச் சொல்கிறார்கள், சில வாரத்தில் மறுபடி, தொடர்ந்து கொடுத்தால் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. இந்த ரத்தப் பரிசோதனையைத்தான் "பணம் பிடுங்குகிறார்" என்று திட்டுகிறோம். வாந்தி, சாப்பாட்டை முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுங்குவது, தார் மாதிரி கறுப்பு மலம், இதில் எது வந்தாலும் அடுத்த வேளை மருந்தை நிறுத்திவிட்டு போன் செய்யுங்கள். உண்ணிக் காய்ச்சலில் பிளேட்லெட் இறங்கிய நாய்க்கும், தண்ணீர் குடிக்காமல் வாடிப்போன நாய்க்கும் இது ஆகாது.

ஸ்டீராய்டையும் இதையும் ஒன்றாகக் கொடுக்கவே கூடாது. வயிற்றுச் சுவரைக் காப்பாற்றும் பொருளை இரண்டுமே தடுக்கின்றன, இரண்டும் சேர்ந்தால் புண் ஓட்டையாகி நாய் போய்விடும், போயிருக்கின்றன. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற ஐந்திலிருந்து ஏழு நாள் இடைவெளி விடச் சொல்வார்கள், நீண்ட நாள் நிற்கும் ஊசி என்றால் இன்னும் அதிகம். நம் ஊரில் இது எப்படி நடக்கிறது தெரியுமா? போன வாரம் அரிப்புக்காக ஒரு டாக்டர் "அலர்ஜி ஊசி" போட்டிருப்பார், அதில் டெக்ஸாமெத்தசோன் இருந்திருக்கும், சீட்டில் ஒன்றும் எழுதியிருக்க மாட்டார். இந்த வாரம் நொண்டுகிறது என்று இன்னொருவரிடம் போவோம், அவர் மெலாக்சிகாம் எழுதுவார். இரண்டு பேருமே தப்பு செய்யவில்லை என்று சொல்லலாம், நாய்க்கு மட்டும் கறுப்பு மலம். என்ன ஊசி போட்டாலும் பெயரை எழுதி வாங்குங்கள், முடியாவிட்டால் காலி குப்பியைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இடத்தில் அவசர ஸ்டீராய்டு ஊசியின் இன்னொரு விலையும் புரியும். இரண்டு நாள் சுகத்துக்காக, நீண்ட நாள் கொடுக்க வேண்டிய மருந்தை ஒரு வாரம் தள்ளிப்போட வைத்துவிடுகிறது.

துணை மருந்துகள், புது மருந்துகள்

மெலாக்சிகாம் போதவில்லை என்றால் கூடச் சேர்க்க காபாபென்டின், அமான்டடீன். இரண்டும் வீக்கத்தைத் தொடாது, வலியை நரம்பு கடத்தும் விதத்தை மாற்றும். காபாபென்டின் முதல் சில நாள் தள்ளாட வைக்கும், பிறகு பழகிவிடும். ஸ்டீராய்டோடும் சேரும் மெலாக்சிகாமோடும் சேரும் என்பது இதன் பெரிய வசதி. டிராமடால் இன்னும் சிலர் எழுதுகிறார்கள், 2018ல் வந்த ஒரு நல்ல ஆய்வில் தேய்மான நாய்களுக்கு அதற்கும் மருந்தே இல்லாத வெறும் மாத்திரைக்கும் வித்தியாசமே தெரியவில்லை, அதற்குப் பணம் செலவழிக்க மாட்டேன்.

வெளிநாட்டில் கிராபிப்ரன்ட் 2016லிருந்து இருக்கிறது, வயிற்றையும் சிறுநீரகத்தையும் ஓரளவு விட்டுவிட்டு வலியின் ஒரு வாசலை மட்டும் அடைக்கும் மருந்து. லிப்ரேலா என்று மாதம் ஒரு ஊசி, வலியைத் தூண்டும் ஒரு புரதத்தைப் பிடித்து வைக்கும் ஆன்டிபாடி, ஐரோப்பாவில் 2020லும் அமெரிக்காவில் 2023லும் அனுமதி பெற்றது. அதைப் பற்றி நல்லதாகவும் நிறையக் கேட்கலாம், ஆனால் 2024 டிசம்பரில் அமெரிக்க மருந்துத் துறை, தள்ளாட்டம், வலிப்பு போன்றவை பதிவாகியிருப்பதாகக் கால்நடை டாக்டர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதியது. சிங்கப்பூரிலோ கனடாவிலோ இருக்கும் உங்கள் அண்ணன் "எங்க நாய்க்கு இதுதான் போடுறோம்" என்று சொன்னால் இரண்டு பக்கமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூட்டுக்கு என்று டப்பா டப்பாவாக விற்கும் குளுகோசமின், காண்ட்ராய்ட்டின் பவுடர்களைப் பற்றிச் சுருக்கமாக: 2022ல் ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்ததில் பலன் என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, மீன் எண்ணெயின் ஒமேகா மூன்றுக்கு இருந்தது. டப்பாவின் மேல் ஓடுகிற நாய் படம் மட்டும் நன்றாக இருக்கும்.

எடை

மருந்தைப் பற்றி இவ்வளவு எழுதிவிட்டேன், உண்மையில் இதைத்தான் முதலில் எழுதியிருக்க வேண்டும், ஆனால் எடை என்று ஆரம்பித்தால் பாதிப் பேர் படிப்பதையே நிறுத்திவிடுவார்கள்.

பூரினா நிறுவனத்தின் பழைய ஆய்வு ஒன்று, 48 லாப்ரடார்கள், ஒரே ஈற்றுக் குட்டிகளை ஜோடி ஜோடியாகப் பிரித்து ஒன்றுக்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவான சாப்பாடு, சாகும்வரை பதினான்கு வருடம் தொடர்ந்தார்கள், 2002ல் முடிவு வந்தது. குறைத்துச் சாப்பிட்ட நாய்களின் நடு ஆயுள் 13 வருடம், மற்றவை 11.2. மூட்டுத் தேய்மானமும் அவற்றில் பல வருடம் தள்ளித்தான் வந்தது. உணவு விற்கிற நிறுவனமே குறைத்துப் போடு என்று சொன்ன ஆய்வு என்பதால் எனக்கு அதன் மேல் கூடுதல் மரியாதை. ஏற்கெனவே குண்டாகி நொண்டும் நாய்களிலும் எடையில் 6 சதவீதம் இறங்கியதுமே நொண்டல் குறைவது அளந்து பார்த்த விஷயம். 35 கிலோ நாய்க்கு அது இரண்டு கிலோ சொச்சம்தான்.

விலா எலும்பு கையில் தட்டுப்பட வேண்டும், மேலிருந்து பார்த்தால் இடுப்பு தெரிய வேண்டும். தெரியவில்லையா? டீ நேரத்து மேரி பிஸ்கட்டை நிறுத்துங்கள், தாத்தா மேஜைக்கு அடியில் கொடுக்கும் தோசை ஓரத்தை நிறுத்துங்கள் (மருந்தை மாற்றுவதைவிடத் தாத்தாவை மாற்றுவதுதான் கஷ்டம்), தயிர் சாதத்தில் சாதத்தைக் குறைத்து முட்டையோ கோழியோ காயோ கூட்டுங்கள். ஸ்டீராய்டு வாங்கும் நாயிடம் இதைச் செய்து பாருங்கள், முடியாது, பசியில் குப்பைத் தொட்டியைக் கவிழ்க்கும். மெலாக்சிகாம் வாங்கும் நாயிடம் முடியும். எனக்கு இரண்டுக்கும் இருக்கும் பெரிய வித்தியாசமே இதுதான்.

அப்புறம் தரை. நம் வீடுகளில் வழுவழுவென்று டைல்ஸ். நாய் எழும்போது பின்னங்கால் இரண்டும் பக்கவாட்டில் விரிந்து போவதைக் கவனித்திருப்பீர்கள், நகம் தரையில் கிரீச்சென்று இழுபடும், வலியைவிட அந்த வழுக்கலுக்குப் பயந்தே சில நாய்கள் எழுவதில்லை. அது படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்ச் சட்டி வரைக்கும் ரப்பர் மேட், நகம் வெட்டி, பாதத்துக்கு அடியில் வளரும் முடியைக் கத்தரித்துவிடுதல். நடைப் பயிற்சி தினமும் கொஞ்சம் கொஞ்சமாக இரண்டு மூன்று வேளை, வெயில் ஏறுவதற்கு முன்னால். வாரம் முழுவதும் கட்டிப்போட்டுவிட்டு ஞாயிறு மட்டும் மைதானம் என்பது மூட்டுக்கு ரொம்பக் கெட்டது.

அறுவைச் சிகிச்சையும் ஒரு வழிதான். தசைநார் அறுந்த பெரிய நாய்க்கு அதுவே சிறந்த வழி, இடுப்பு ரொம்ப மோசமான இளம் நாய்க்குத் தொடை எலும்பின் உருண்டையை வெட்டி எடுத்துவிட்டால் தசை பிடித்துக்கொண்டு நன்றாகவே நடக்கும். தனியாரில் கட்டுப்படியாகவில்லை என்றால் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ போய்க் காட்டுங்கள், வரிசை நீளம், ஆனால் எலும்புக்கென்றே பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டாஸ்பத்திரி என்று முகம் சுளிக்காதீர்கள்.

மற்ற வழிகள் அடைபட்டால்

பதினான்கு வயது, சிறுநீரகம் பாதி போய்விட்டது, மெலாக்சிகாம் வகை எதுவும் கொடுக்க முடியாது, காபாபென்டின் கொடுத்தால் தூங்கிக்கொண்டே இருக்கிறது, விழித்தால் முனகுகிறது. இந்த நாய்க்குக் குறைந்த அளவு பிரெட்னிசோலோன் கொடுத்து, சாகும்வரை தானாக எழுந்து வாசல் வரை போய்வரும்படி வைப்பதில் நான் தப்பு பார்க்க மாட்டேன். தசை கரையும், தொப்பை விழும், ஆனால் அந்தக் கெடுதல் வந்து சேர எடுக்கும் காலம் அதன் கையில் இல்லை. டாக்டரிடம் இதை வெளிப்படையாகப் பேசுங்கள், எவ்வளவு குறைவாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் முடியுமா என்று கேளுங்கள். அதே மருந்தை ஏழு வயது குண்டு லாப்ரடாருக்கு ஆரம்பிப்பதும் இதுவும் ஒன்றில்லை.

ஏற்கெனவே மாதக்கணக்கில் ஸ்டீராய்டில் இருக்கும் தேய்மான நாய் உங்களிடம் இருந்தால், இதைப் படித்துவிட்டு இன்றைக்கே மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் சொல்லி வாரா வாரம் இறக்குங்கள், எவ்வளவு நாள் கொடுத்தீர்களோ அதைப் பொறுத்து இறக்கும் காலமும் நீளும். இறக்கும்போதும் அதற்குப் பிறகு வரும் ஒரு வார வெற்று இடைவெளியிலும் வலி திரும்பும், அதற்குக் காபாபென்டின் கேட்டு வாங்குங்கள், நடையைக் குறையுங்கள், ரப்பர் மேட்டை அப்போதே விரித்துவிடுங்கள். இடைவெளி முடிந்ததும் கிரியாட்டினினும் எஸ்ஜிபிடியும் பாருங்கள். ஸ்டீராய்டு கல்லீரல் அளவுகளை ஏற்றிக் காட்டும், அதனால் கொஞ்சம் கூடுதலாக வந்தால் பதறாமல் டாக்டர் சொல்லும் வரை காத்திருந்து மறுபடி எடுங்கள். அதற்குப் பிறகுதான் மெலாக்சிகாம், எடை பார்த்து, சாப்பாட்டோடு.